குரலை வெளியே விடுங்கள்

வீட்டு அறையிலேயே பாட்டெழுதி, பாடி, மிக்ஸ் செய்து வெளியிடும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பாராட்டில் ஆரம்பித்து மெல்ல விஷயத்துக்கு வரும் பழக்கம் எனக்கில்லை. நேராகவே கேட்டுவிடுகிறேன். ராத்திரி தூக்கம் கெட்டு எழுதிய வரிகளை, யார் காதிலும் விழாதபடி நீங்களே ஏன் மூடி வைக்கிறீர்கள்?

சமீபத்தில் ஒரு பெண் தன் பாட்டை மிக்ஸ் செய்துதரச் சொல்லி மொத்த ப்ராஜெக்டையும் அனுப்பியிருந்தார். ரேஷன் கடை வரிசையில் அம்மா நின்றதைப் பற்றி அவரே எழுதி மெட்டமைத்த பாட்டு. வரிகள் தனித் தாளில் வந்ததால்தான் இது எனக்குத் தெரியும். பாட்டை மட்டும் கேட்டிருந்தால் காதல் தோல்வி என்று நினைத்திருப்பேன். குரல் டிராக்கைத் திறந்தேன். ஈக்யூ, கம்ப்ரசர், மறுபடியும் ஈக்யூ, சாச்சுரேஷன், அதற்குப் பிறகு ஆட்டோடியூன், டீ-எஸ்ஸர், கோரஸ், டபுளர், டிலே, ரிவெர்ப், அதற்கும் மேலே மினுமினுக்கும் ஷிம்மர் ஒன்று. கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். பாதி தூரம் வந்ததும் ஆள் தெரிந்தார். லேசாகக் கரகரத்த குரல். பாமாயில் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லும் இடத்தில் மூச்சு ஒரு கணம் தடுக்கி, அப்புறம் அடுத்த சொல்லைப் பிடிக்கிறது. பாட்டின் உயிரே அந்த இடம்தான். ஷிம்மருக்கு அடியில் அது இருந்த சுவடே தெரியவில்லை.

இது ஒருவர் செய்த பிழை என்றால் அவரிடமே சொல்லிவிட்டுப் போயிருப்பேன். எனக்கு வரும் ப்ராஜெக்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

காரணம் தொழில்நுட்பம் தெரியாதது என்று நான் நினைக்கவில்லை. என்னைவிட அதிகமான பிளக்இன் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். உங்கள் குரலுக்கு நீங்களே கூச்சப்படுகிறீர்கள், விஷயம் அவ்வளவுதான். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நமக்குக் கேட்பதில்லை. மண்டை எலும்பு வழியாகவும் அடித்தொனி சேர்ந்து வருகிறது. மைக்கில் பதியும்போது அந்தப் பங்கு இருக்காது. அதனால் பதிவான குரல் உங்கள் காதுக்கு மட்டும் சன்னமாக, யாரோ ஒருவருடையதாகப் படுகிறது. ஊரே அந்தக் குரலைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. நீங்கள் மட்டும் பதறிப்போய் ஒரு ரிவெர்பை இழுத்துப் போர்த்துகிறீர்கள். கூச்சம் கொஞ்சம் அடங்குகிறது. இன்னொன்றையும் போடுகிறீர்கள்.

இந்தக் கூச்சத்தை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. 'இந்த ஒரே செயின் போதும், குரல் மின்னும்' என்று வீடியோ போடுகிறார்கள். பிரபல பாடகர் பெயரை ஒட்டி பிரீசெட் விற்கிறார்கள். பிரீசெட்டில் இருக்கும் கம்ப்ரசர் யாரோ ஒருவருடைய குரல் அளவுக்கு வைத்தது. அதன் த்ரெஷோல்டு மைனஸ் 20 டெசிபலில் இருக்கிறது, நீங்கள் மைனஸ் 30-இல் பதிந்திருக்கிறீர்கள் என்றால் அந்தக் கம்ப்ரசர் உங்கள் குரலைத் தொடவே தொடாது. சத்தமாகப் பதிந்தவருக்கோ அது கழுத்தை நெரிக்கும். அடுத்தவர் கண்ணுக்கு எழுதிய பவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு தெளிவாகத் தெரிகிறது என்பதைப் போன்றதுதான் இது.

ஒரு காலத்தில் எஃபெக்ட் என்பது எடை உள்ள பொருளாக இருந்தது. நிஜமாகவே எடைதான். ஜெர்மனியில் 1957-இல் வந்த ஈஎம்டி 140 பிளேட் ரிவெர்ப், பெரிய இரும்புத் தகடு ஒன்றைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைக்கும் கருவி. அதன் எடை கால் டன்னுக்கு மேல். ஸ்டூடியோவில் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிய விஷயம். பாடகர், வயலின், டிரம்ஸ் எல்லோரும் அந்த ஒரே தகட்டைத்தான் பங்கு போட்டுக்கொண்டாக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று இன்ஜினியர் முடிவெடுத்தே தீர வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசித்தது போன்ற ஒட்டுதல் அதனாலேயே தானாக வந்தது. உங்கள் லேப்டாப்பில் நாற்பது ரிவெர்ப் ஒரே சமயத்தில் ஓடும். ஆகவே குரல் தேவாலயத்தில், கிட்டார் குளியலறையில், தபலா கிரிக்கெட் மைதானத்தில். மூவரும் ஒரே பாட்டில் இருப்பதாகக் கேட்பவர் எப்படி நம்புவார்?

வீட்டில் பதிந்ததற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1982-இல் வெளிவந்த புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'. நியூ ஜெர்சியில், தான் தங்கியிருந்த வீட்டில், கேசட்டில் நான்கே டிராக் பதியும் டியாக் 144 போர்ட்டாஸ்டூடியோவை வைத்துப் பாடினார். இசைக்குழுவோடு பிறகு ஒழுங்காகப் பதிவதற்கான மாதிரியாகத்தான் அதைச் செய்தார். மிக்ஸ் செய்யும்போது கையில் இருந்தது எக்கோபிளெக்ஸ் என்ற ஒரே ஒரு டேப் எக்கோ. குழுவோடு பதிந்து பார்த்தார்கள்; அந்தக் கேசட்டில் இருந்தது வரவில்லை. கடைசியில் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள். தனிமையில் இருக்கும் மனிதர்களைப் பற்றிய கதைப்பாட்டுகள் அவை. யாருமில்லாத நீண்ட நடையில் யாரோ பாடுவது போன்ற அந்த எக்கோ, கதைக்கு வேண்டிய இடத்தைக் கொடுத்தது. ஒரு எஃபெக்ட், அதற்கு ஒரு காரணம். இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்களுக்கும் எனக்கும் மட்டுமே உரிய சங்கதி ஒன்றும் இருக்கிறது. ஆங்கில வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். நாம் பாடுவது தமிழில். 'காட்டு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு ட-வுக்கு நடுவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கும் ஒரு மிகச் சிறிய மௌனம் இருக்கிறது. அந்த மௌனம் இல்லாவிட்டால் அது 'காடு' ஆகிவிடும். 'பாட்டு' 'பாடு' ஆகிவிடும். நம் வரிகளில் பாதி அர்த்தம் இப்படி வல்லினம் இரட்டிக்கும் இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று செகண்ட் வால் உள்ள ரிவெர்ப் முதலில் நிரப்புவது எதைத் தெரியுமா? அந்த மௌனத்தைத்தான். முந்தைய உயிரெழுத்தின் வால் வந்து அந்த இடைவெளியில் படுத்துக்கொள்கிறது. ஒற்று காணாமல் போகிறது. கேட்பவர் காதில் ஏதோ ஒரு மொழியில் ஏதோ ஒரு சோகம் என்று மட்டும் விழுகிறது.

அதற்காக ரிவெர்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிவெர்பில் பிரீ-டிலே என்று ஒரு குமிழ் இருக்கிறதே, அதை 30, 40 மில்லிசெகண்டுக்கு நகர்த்துங்கள். எழுத்து முதலில் காதுக்கு வந்துவிடும், அறை அதற்குப் பிறகு வரும். வாலை ஒரு செகண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ரிவெர்பைக் குரல் டிராக்கின் மேலேயே போடாமல் தனி செண்டில் வையுங்கள்; அதற்கு முன்னால் ஒரு ஈக்யூ வைத்து 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். அபே ரோட் ஸ்டூடியோவின் பெயரால் இன்றும் வழங்கும் பழைய உத்தி இது. அடியில் முட்டும் கொழகொழப்பும் மேலே 'ஸ்ஸ்' என்று சிதறும் சத்தமும் ரிவெர்புக்குள் போகவே போகாது. பல சமயம் ரிவெர்பைவிட ஒரு டிலே நன்றாக உட்காரும். வேகம் 90 பிபிஎம் என்றால் 60,000-ஐ 90-ஆல் வகுங்கள், 667 மில்லிசெகண்ட் வரும், பாதி 333. அதில் ஒன்றை வைத்து, குரலுக்கு வெகு கீழே ஒலியைக் குறைத்தால் டிலே இருப்பதே தெரியாது, எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறையும். பாட்டு முழுவதற்கும் குட்டை ரிவெர்ப் ஒன்று, நீள ரிவெர்ப் ஒன்று என்று இரண்டே செண்ட் வைத்து எல்லோரையும் அதற்குள்ளேயே அனுப்பிப் பாருங்கள். பழைய இரும்புத் தகடு செய்த வேலையை அது செய்யும்.

ஆட்டோடியூன் பக்கம் வருவோம். நில அதிர்வுத் தரவுகளோடு வேலை செய்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டபிராண்ட் 1997-இல் கொண்டுவந்த மென்பொருள் அது. அடுத்த வருடமே ஷெர் பாடிய 'பிலீவ்' அதை வேண்டுமென்றே மிகையாக வைத்து உலகத்துக்குக் காட்டிவிட்டது. அங்கே குரல் படிக்கட்டு படிக்கட்டாக உடைவதுதான் அழகு. ஆனால் நம்மில் பலருக்குச் சின்ன வயதில் பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்த கமகம் தொண்டையில் ஊறிக் கிடக்கிறது. தோடியின் காந்தாரத்தை யாரும் ஓரிடத்தில் நிறுத்திப் பாடுவதில்லை. அது அசைந்துகொண்டேதான் இருக்கும், அந்த அசைவுதான் அந்த ஸ்வரம். ரீடியூன் வேகத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஸ்கேலைக் குரோமாட்டிக்கில் விட்டால் மென்பொருள் அதைத் தப்பு என்று எண்ணிப் பக்கத்துப் படிகளில் மாறி மாறி ஏற்றி இறக்கும். உங்கள் டீச்சர் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததை அரை செகண்டில் அழித்துவிட்டு, 'இப்போது சுருதி சரி' என்று காட்டும். சுருதி தப்பிய வரி இருந்தால் அந்த வரியை மட்டும் திரும்பப் பாடுங்கள். முடியாதபோது, நீண்டு நிற்கும் ஸ்வரத்தை மட்டும் கையால் பிடித்துத் திருத்துங்கள். அந்த ஆட்டோடியூனையும் செயினின் முதல் இடத்தில் வையுங்கள். கம்ப்ரசரும் சாச்சுரேஷனும் குரலைக் கசக்கியபின் அது சுருதியைக் கண்டுபிடிக்கத் தடுமாறும்.

தாள வாத்தியங்களுக்கும் இதே கதிதான். மிருதங்கத்தில் விரல் விழும் அந்த முதல் அடி சில மில்லிசெகண்டுகள்தான். கம்ப்ரசரின் அட்டாக்கை 1 மில்லிசெகண்டில் வைத்தால் அடி போய்விடும், ஓசை மட்டும் மிஞ்சும். 20, 30-க்குத் தள்ளுங்கள். பறையையும் தவிலையும் திறந்த வெளியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுற்றிச் சுவரே இல்லாத இடத்தில் ஒலித்துப் பழகிய வாத்தியத்துக்கு மண்டப ரிவெர்ப் போட்டு 'பிரம்மாண்டம்' காட்டுகிறோம். கானாப் பாட்டுக்கு கதீட்ரல் ரிவெர்ப் போட்டிருந்த ஒரு மிக்ஸைக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (போட்ட தம்பி இதைப் படிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார்.)

உங்கள் அறையையும் மறந்துவிடாதீர்கள். பத்துக்குப் பத்து அறை, மொசைக் தரை, வெறும் சுவர். நடுவில் நின்று கை தட்டுங்கள். 'கிர்ர்' என்று ஒரு சிணுங்கல் திரும்பி வரும். மூன்று மீட்டர் தள்ளி எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். அப்படி முட்டி முட்டித்தான் அந்தச் சிணுங்கல் பிறக்கிறது. நீங்கள் பாடும்போதே அது குரலோடு ஒட்டிப் பதிந்துவிட்டது. அதன்மேல் கம்ப்ரசர் போட்டால் மெல்லிய சத்தங்கள் மேலே எழும்பும்: அறை, மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர் உட்பட. அதற்கும் மேலே இன்னொரு மண்டபம். பதிந்துவிட்ட அறையை எந்தப் பிளக்இன்னாலும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. மெத்தையைச் சுவரில் சாய்த்து, பீரோக் கதவைத் திறந்து துணிகளுக்கு முன்னால் நின்று, விசிறியை அணைத்துவிட்டு, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பாடுங்கள். காசு செலவில்லை. எஃபெக்டில் பாதி தேவைப்படாது.

இதையெல்லாம் செய்தும் நம்மை ஏமாற்றும் சாமான் ஒன்று இருக்கிறது: நம் காது. சத்தம் அதிகமானால் ஒலியின் குணமே மாறித் தெரியும். அடித்தொனியும் உச்சியும் கூடுதலாகக் கேட்கும். பிளெச்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். நிறைய பிளக்இன்கள் போட்டவுடன் ஒலியை ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றுகின்றன. 'ஆஹா, உயிர் வந்துவிட்டது' என்கிறீர்கள். வந்தது சத்தம். அதன் அவுட்புட்டைக் குறைத்து, போட்டதும் போடாததும் ஒரே அளவில் இருக்கும்படி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி பைபாஸை மாற்றி மாற்றி அழுத்துங்கள். எது போட்டது, எது போடாதது என்று தெரியவில்லையா? கழற்றிவிடுங்கள். கடைசியில் மாஸ்டரிங்கில் லிமிட்டரை அழுத்தும்போதும் இதே கதை: உச்சங்கள் தட்டையாகி, அதுவரை அடங்கிக் கிடந்த ரிவெர்ப் வால்கள் எல்லாம் மேலே ஏறும். மிக்ஸில் அளவாக இருந்தது வெளியீட்டில் ஈரமாக நிற்பது அதனால்தான். இவ்வளவு நசுக்கிச் சத்தம் ஏற்றினாலும், ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்கு அதை இறக்கித்தான் ஒலிபரப்பும்.

உங்கள் பாட்டு கடைசியில் எங்கே ஒலிக்கப்போகிறது என்றும் யோசியுங்கள். போன் ஸ்பீக்கரில், ஷேர் ஆட்டோவில், கோயில் திருவிழாக் குழாயில். குழாய் ஸ்பீக்கருக்கு இடது வலது கிடையாது. குரலை அகலமாக்குவதற்காக ஒரு பக்கத்தை 15 மில்லிசெகண்ட் தாமதமாக்கும் தந்திரத்தை இப்போது எல்லோரும் போடுகிறார்கள். ஹெட்போனில் பிரமாதம்தான். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும் இடத்தில் அலைகள் ஒன்றையொன்று தின்று, குரல் தகரக் குழாய்க்குள் போய்விடும். மோனோ பட்டனை அழுத்தி ஒருமுறை கேட்க இரண்டு நிமிடம் ஆகுமா?

எஃபெக்டுகளின் எதிரி என்று என்னை நினைத்துவிடாதீர்கள். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் ஹியூ பாட்ஜம், டிரம்ஸின் ரிவெர்பைத் திடீரென்று கத்தரித்துவிடும் கேட்டட் ரிவெர்பைப் பிடித்தார். பில் காலின்ஸின் 1981 பாட்டு ஒன்றில் டிரம்ஸ் வந்து விழும் இடத்தை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அது மிகைதான். ஆனால் நிமிடக்கணக்கில் டிரம் மெஷினை மட்டும் ஓடவிட்டுக் காத்திருந்து, நிஜ டிரம்ஸை ஒரே இடத்தில் இறக்கிய மிகை. லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் பில்லி எய்லிஷும் அண்ணன் பின்னியஸும் செய்த 2019 ஆல்பத்தைக் கேளுங்கள். அதில் எஃபெக்ட் ஏராளம், குரல் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. இருந்தும் பல இடங்களில் முதன்மைக் குரல் உங்கள் காது மடலுக்குப் பக்கத்தில் வறண்டு நிற்கிறது. உமிழ்நீர் நகர்வதுகூடக் கேட்கிறது. 2020-இல் கிராமியின் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' அதற்குத்தான் கிடைத்தது. நம் ஊரிலும் 'ரோஜா'வின் இசை, கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி அமைத்த ஒரு ஸ்டூடியோவிலிருந்துதான் 1992-இல் வந்தது. வீடு என்பதற்காக யாரும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த பாட்டை மிக்ஸ் செய்ய உட்காரும்போது எல்லா எஃபெக்டையும் அணைத்துவிட்டு, ஃபேடர்களை மட்டும் வைத்து பாட்டை ஒருமுறை முழுசாக நிலைநிறுத்துங்கள். ஒலி அளவும் இடது வலதும் மட்டும்தான். அப்படியே ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் சின்ன சத்தத்தில் கேட்டு, என்ன குறைகிறது என்று ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள்: 'இரண்டாவது சரணத்தில் சொல் கேட்கவில்லை', 'வீணை முன்னால் துருத்துகிறது', 'பல்லவி முடியும்போது தனிமை வேண்டும்'. அந்தத் தாளில் இருப்பதற்கு மட்டும் எஃபெக்ட் போடுங்கள். தாளில் இல்லாத எதற்கும் வேண்டாம். முடித்ததும், இந்தப் பாட்டை இதுவரை கேட்டிராத ஒருவரிடம், உங்கள் பெரியம்மாவோ மாடிவீட்டு அக்காவோ, போன் ஸ்பீக்கரில் ஒரே ஒருமுறை போட்டுக் காட்டி, காதில் விழுந்த வரிகளைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'பாட்டு நல்லா இருக்கா' என்று மட்டும் கேட்காதீர்கள், பாசத்தில் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். வரியைக் கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்துக்குத் திரும்பிப் போய் எதையாவது குறையுங்கள்.

என்னைப் போன்றவர்களிடம் பாட்டை அனுப்புகிறீர்களா? குரலை எந்த எஃபெக்டும் இல்லாமல் ஒரு ஃபைலாகவும், நீங்கள் ஆசைப்பட்ட எஃபெக்டோடு இன்னொரு ஃபைலாகவும் தனித்தனியாக அனுப்புங்கள். ரிவெர்பைச் சேர்த்தே எக்ஸ்போர்ட் செய்துவிட்டு 'அண்ணா, கொஞ்சம் கம்மி பண்ணிடுங்க' என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் ஒரே புள்ளியில் ஆரம்பிக்கட்டும். 24 பிட் வேவாக அனுப்புங்கள், வாட்ஸ்அப் ஆடியோ வேண்டாம். ஃபைல் பெயரில் பிபிஎம், சுருதி எத்தனை கட்டை, இரண்டையும் எழுதிவிடுங்கள். கூடவே பாட்டு வரிகளையும் வையுங்கள், நான் சரிபார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பாட்டுகளை மிக்ஸ் செய்யும் அண்ணன் ஒருவன்